எலி பார்க்காத கட்டம்

அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து மகள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சிக்கூடத்து டைரக்டர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்து நின்றார். மகளின் மேலதிகாரி. நாற்காலி கிடைத்தால் மேடை கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்.

"கவலைப்படாதீங்கம்மா. எலும்புல பரவுற புற்றுநோயோட முதுகெலும்பையே முறிச்சுட்டோம்."

அம்மாவின் முதுகெலும்பு போன மாதமே முறிந்திருந்தது. மார்பில் தொடங்கிய நோய் அங்கே குடியேறியிருந்தது.

"யாருக்கு முறிச்சீங்க?" என்றாள் அம்மா.

"எலிக்குத்தான்..."

"எனக்குத்தான் வால் முளைக்காமப் போச்சு."

டைரக்டருக்கு உடனே ஒரு மீட்டிங் ஞாபகம் வந்தது.

அவர் தலை மறைந்ததும் அம்மா கேட்டாள்: "ஏன்டி, எலிக்கு இந்த வியாதி எப்படி வருது?"

"நாங்கதான் வரவழைப்போம். புற்றுநோய் செல்லை அதோட இதயத்துல ஊசி போட்டு ஏத்துவோம். ரத்தத்தோட போய் எலும்புல உக்காந்துக்கும்."

"அடிப்பாவி! கடைசியில எப்படிப் போகும்?"

"அதுவரைக்கும் விடமாட்டோம்மா. பின்னங்காலை ஊன முடியாமத் தூக்கினாலே வலின்னு அர்த்தம். அன்னிக்கே ஒரேயடியாத் தூங்க வச்சிடுவோம்."

"அப்ப அதுக்கப்புறம் என்னன்னு எந்த எலியும் பாக்கல?"

"இல்ல."

"படிச்சவங்க லட்சணம்! சரி, நான் பாத்துச் சொல்றேன்."

இதற்காகத்தான் வலியை அடக்கும் மார்ஃபின் ஊசி வேண்டாம் என்கிறாளோ? போட்டால் தூங்கிவிடுவாளாம். டாக்டர் அளவு எழுதிக் கொடுத்துவிட்டார், வலித்தால் போடலாம். வலிக்கிறதா என்றால் "இல்ல" என்பாள். எலி வலியை மறைத்தாலும் இடுங்கிய கண்ணும் பின்னால் சாய்ந்த காதும் காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவோ சிரித்துக்கொண்டே பொய் சொல்வாள். மகள் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, எலியைப் பாக்கற மாதிரி பாக்கறே?"

மகள் பார்வையை விலக்கவில்லை. அம்மாவின் சிரிப்பு மெல்லக் கழன்றது.

"வலிக்குதுடி. ரொம்ப."

மகள் டாக்டர் எழுதிய அளவில் ஊசியைப் போட்டாள். எலிகளுக்குப் போட்டுப் பழகிய கை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் புருவம் தளர்ந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"காலெல்லாம் யாரோடதோ மாதிரி இருக்கு... பயமா இல்ல... வேடிக்கையா இருக்கு."

"அப்புறம்?"

அம்மா ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கினாள், அவசரப்படாதே என்பதுபோல. மகள் காத்திருந்தாள். விரல் மெதுவாகப் போர்வையில் இறங்கியது. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, பிறகு இடைவெளி மட்டும் இருந்தது.

எதிர்வீட்டு மாடியில் யாரோ காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.