இரண்டாவது எண்ணிக்கை

வாளியைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை அடித்தபோது அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விடிந்தும் விடியாத நேரம். வீட்டின் பின்சுவர் ஓரமாக யாரோ சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனதுபோல அங்கங்கே நுரை கிடந்தது. குனிந்து பார்த்தான். ஒவ்வொரு நுரைக்கு நடுவிலும் ஒரு நத்தை. தரையில் கல் உப்பு பாதி கரைந்து கசிந்துகொண்டிருந்தது.

ஒன்றை எடுத்துத் திருப்பினான். ஓட்டின் மேல் சிவப்பு நகப்பூச்சால் வைத்த சின்னப் புள்ளி. இரண்டாவதில் புள்ளி இல்லை. மூன்றாவதில் இருந்தது. நான்காவதைத் தொட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

சமையலறையில் அக்கா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பின்னாடி உப்பு போட்டியா?"

"ஆமா, நேத்து சாயங்காலம். ரெண்டு பாக்கெட் முழுசா கொட்டினேன். சனியன், சுவரெல்லாம் ஊருது. இனிமே நாலு பேரு வந்து போற வீடு. யாராவது வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா?"

நாலு பேர் எதற்கு வரப்போகிறார்கள் என்று அக்காவும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இனி இங்கே வந்து பயனில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். ஐந்து நாட்களாகத் தம்பி மனைவியின் துணிகளை முகம் சுளிக்காமல் தன் கையால் அலசுகிறாள். அவளிடம் போய் நத்தைக்காகச் சண்டை போட முடியுமா?

ஆனால் அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

அவன் மனைவி இருபத்திரண்டு வருஷம் தையல் இயந்திரத்தை மிதித்தவள். நாற்பத்தாறு வயதில் ஒருநாள், கல்லூரியில் சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்றாள். முதல் பாடம் சூழலியல் அறிமுகம். சனிக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம், மாதம் ஒரு களப்பயணம். சாப்பிடும்போதெல்லாம் எது எதைத் தின்கிறது என்பதே பேச்சு. "இந்த உணவுச் சங்கிலியில நான் எங்க இருக்கேன்?" என்று அவன் கேட்டதற்கு, "நான் ஆக்கி வெச்சா திங்குற இடத்துல" என்றாள்.

தரையில் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ண ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வேண்டும் என்று வகுப்பில் கேட்டார்கள். எல்லோரும் பிளாஸ்டிக் குழாயில் செய்துகொண்டு போனார்கள். இவன் வெல்டர் ஆயிற்றே, விடுவானா? பாலத்துக்குப் போடும் கம்பியில் அடித்து, நான்கு மூலையும் பற்றவைத்துக் கொடுத்தான். அவள் அதை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு குளக்கரையில் இறங்கியபோது, கூடப் படிக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா, இதைப் போட்டா எண்ண வேண்டிய செடியே செத்துரும்." அன்றிலிருந்து அவனுக்கு அங்கே கம்பி மாமா என்று பெயர்.

அந்தக் குளக்கரையில்தான் அவன் அதைச் சொன்னான். முழங்கால் வரை சேற்றில் நின்று அவள் எதையோ எண்ணிக்கொண்டிருக்கையில், கரையில் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி: "நத்தையை எண்ணுறதுக்கு ஒரு படிப்பு!" சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை அவன் மறக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளால் இன்னும் உட்கார முடிந்தது. அவன் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில், பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டிய நத்தைகளைப் பிடித்துச் சிவப்புப் புள்ளி வைத்து, விட்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்கு விளக்கினாள். ஒரு வாரம் கழித்து மறுபடி பிடிக்க வேண்டும். பிடித்ததில் புள்ளி வைத்தது எத்தனை என்று பார்த்தால், மொத்தம் எத்தனை இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

"எல்லாத்தையும் பிடிச்சு எண்ணிட்டா தீந்துச்சு. இதுக்கு எதுக்குக் கணக்கு?"

"எல்லாத்தையும் பிடிக்க முடியாதுங்க. அதனாலதான் கணக்கு." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ரெண்டாவது எண்ணிக்கைக்கு என்னால எந்திரிக்க முடியாது. நீங்க எண்ணித் தருவீங்களா? இது ஒண்ணுதான் பாக்கி. இதையாவது முடிச்சுடறேன்."

"தரேன்" என்றான். கட்டிலைப் பின்பக்கத்து ஜன்னல் ஓரமாகப் போடச் சொன்னாள். போட்டான்.

இப்போது வெறும் வாளியோடு அந்த அறை வாசலில் நின்றான். அவள் விழித்துத்தான் இருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகியிருந்தது.

"எத்தனை?" என்றாள்.

"அறுபத்திரண்டு."

"அதுல புள்ளி வெச்சது?"

அவன் வாய்க்கு வந்த எண் அதுதான். "நாப்பத்தெட்டு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தண்ணித் தொட்டி பக்கம் கொத்துக் கொத்தா இருந்துச்சு. எல்லாம் ஜோரா ஊருது."

அவள் உதடு லேசாக விரிந்தது. சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது. கூடவே, சாகக் கிடப்பவளை ஏமாற்றுகிறோமே என்றும் இருந்தது.

"நோட்டைக் கொடுங்க."

"நான் எழுதட்டுமா?"

"வேண்டாம். ஆய்வக நோட்டை நாமதான் எழுதணும். உங்களை எழுத விட்டா மேடம் மார்க்கைக் குறைச்சுடுவாங்க." பேனாவைப் பிடிக்கவே அவளுக்கு நேரமாயிற்று. "கொஞ்சம் வெந்நீர் கொண்டு வாங்க."

அவன் டம்ளரோடு திரும்பியபோது நோட்டு மூடியிருந்தது. பேனாவும் மூடியிருந்தது. இரண்டு மடக்குக் குடித்தாள். "ரொம்ப நன்றிங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனுக்கு நன்றி சொன்னதே கிடையாது. ஏதோ அந்நியரிடம் பேசுவதுபோல இருந்ததால் அவனுக்கு எரிச்சல்கூட வந்தது.

பதினோரு மணிக்கு, அக்கா தலையணை உறை மாற்றுவதற்காக அவள் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது மூச்சு நின்றது. "தம்பி" என்று அக்கா ஒருமுறைதான் கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னபடியே நாலு பேர் வந்தார்கள். நாற்பது பேர் வந்தார்கள். நாற்காலிகளை வாசலில்தான் போட்டார்கள். பின்பக்கம் யாரும் போகவே இல்லை, யாரும் வழுக்கி விழவும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆய்வக ஆசிரியை வந்தாள். சின்னப் பெண், அவன் மனைவியை அக்கா என்று கூப்பிடுபவள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அக்கா நோட்டு இருந்தா வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன். அவங்க பேரை லிஸ்ட்டுல இருந்து எடுக்க எனக்கு மனசு வரல. மார்க் போட்டுடறேன்."

அவன் கொண்டுவந்து கொடுத்தான். ஆசிரியை பக்கங்களைப் புரட்டினாள். குளத்துத் தண்ணீர், இலை உதிர்வு, மண்ணில் புதைத்த கோப்பையில் விழுந்த எறும்புகள். கடைசி ஆய்வில் அவள் விரல் நின்றது. முன்பக்கம் பார்த்தாள். மறுபடி பின்பக்கம் பார்த்தாள்.

"இதை அக்காவேதான் எழுதினாங்களா?"

"ஆமா மேடம். அன்னிக்குக் காலைல."

"முதல் நாள் புள்ளி வெச்சு விட்டது இருபத்தெட்டுன்னு இருக்கு. அப்புறம் எப்படிப் புள்ளி வெச்சது நாப்பத்தெட்டு கிடைக்கும்? இருக்கிறதை விட அதிகமா எப்படிப் பிடிக்க முடியும்?" தனக்குத்தானே சொல்வதுபோல முனகினாள். "அக்கா இந்தத் தப்பு பண்ண மாட்டாங்களே. போர்டுல நான் தப்பாப் போட்டாலே எந்திரிச்சுச் சொல்றவங்க."

இருபத்தெட்டு. எத்தனைக்குப் புள்ளி வைத்தாய் என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்காமல் போனானே. அவன் நாற்பத்தெட்டு என்று சொன்ன அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆசிரியை பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு ஆய்வின் முடிவிலும், எங்கே பிசகு நேர்ந்திருக்கலாம் என்று எழுத ஒரு இடம் விட்டிருக்கும். அதைப் படித்தாள். நோட்டை அப்படியே அவன் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். எழுத்து கோணிக்கொண்டு கோட்டை விட்டு இறங்கியிருந்தது.

*முந்தைய நாள் மாலை ஆய்வுப் பகுதியில் உப்பு தூவப்பட்டது. எண்ணியவர் மேல் பிழை இல்லை.*

அவன் நிமிர்ந்து அறைக்குள் பார்த்தான். ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலை அங்கே போட்டதே அவன்தான். அதில் படுத்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூப்பிட அவளுக்குக் குரல் எழும்பியிருக்காது. தூவப்பட்டது என்றுதான் எழுதியிருந்தாள். யார் தூவியது என்று எழுதவில்லை.

அக்கா தேநீர் கொண்டுவந்து ஆசிரியை முன்னால் வைத்தாள். "என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லக்கா. கணக்கு."

ஆசிரியை புறப்பட்டபோது நோட்டுக்காகக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"ரெண்டு நாள் கழிச்சு நானே கொண்டுவந்து தரேன் மேடம். ஒரு எண்ணிக்கை பாக்கி இருக்கு."

அவள் போனபிறகு, கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த இரும்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். நன்றாகத்தான் கனத்தது. சுவர் மூலையில் அதைப் போட்டு, உள்ளே குந்தி உட்கார்ந்தான். ஈ மொய்த்தது. வாடை அடித்தது. ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உப்பைத் துடைத்து, திருப்பிப் பார்த்து, புள்ளி இருந்ததை வலப்பக்கமும் இல்லாததை இடப்பக்கமும் வைத்தான். முடிந்ததும் சட்டத்தை ஒரு மீட்டர் தள்ளிப் போட்டான். தண்ணீர்த் தொட்டியின் அடி, வடிகால் ஓரம், துணி துவைக்கும் கல்.

"வெயில்ல என்னடா பண்ற?" என்றாள் அக்கா வாசற்படியில் நின்று. பிறகு வலப்பக்கத்துச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை மொண்டு உப்புப் பூத்த மண்ணில் மெதுவாக ஊற்ற ஆரம்பித்தாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் பின்பக்கம் முழுவதும் முடிந்திருந்தது. வலப்பக்கத்தை எண்ணினான். இருபத்தேழு. மறுபடி எண்ணினான். இருபத்தேழுதான். இருபத்தெட்டில் ஒன்று குறைந்தது.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் முதல் மூலையில் போட்டான்.