கொசுறுக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. முதல் வரைவை அக்காவிடம் படித்துக் காட்டினேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டவள், கடைசி வரி வந்ததும் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தமே விமர்சனம்.

"தேய்ச்சுத் தேய்ச்சு உயிர வரவழைச்சேன். நீ ஒரே வரியில கொன்னுட்டியேடா?"

"கதைக்காகத்தான்க்கா."

"சாவு இருந்தாத்தான் கதைன்னா நீயே உள்ள வந்து சாவு. என் குட்டிய விடு."

ஆகவே மறுபடி எழுதுகிறேன்.

2

தொடக்கம்: மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு—

(பெய்யவில்லை. நல்ல வெயில். செய்தி எழுதிப் பிழைக்கிறவன் மழையை இட்டுக்கட்டக் கூடாது.)

இன்னொரு தொடக்கம்: தாய்மை என்பது—

(வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

நடந்ததையே சொல்கிறேன். அக்கா வீட்டின் முன்னறைதான் அவளுடைய தையற்கடை. வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத்துணிகளை ஒரு பிரம்புக்கூடையில் போட்டுவைப்பாள். அந்தக் கூடையில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு வேலையை மேற்பார்வை பார்க்கும் சாம்பல்நிறப் பூனைக்கு 'மேனேஜர்' என்று பெயர்.* ஒரு மதியம் அது அங்கேயே மூன்று குட்டிகளை ஈன்றது.

* பெண் பூனை. 'மேனேஜரம்மா' என்பது பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த பதவி உயர்வு.

3

இனி வருவது தையற்காரி மட்டுமே செய்யக்கூடிய தவறு. அக்காவுக்குச் சுருக்கம் விழுந்த துணியைக் கண்டால் ஆகாது. மூன்றோடு முடிந்தது என்று நினைத்து, "பெத்தவள அழுக்குலயா படுக்க வைக்கிறது?" என்று நனைந்த துண்டுகளை அள்ளிப் பையில் திணித்து, தன் கணவரிடம் கொடுத்தாள். மாமா பையோடு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனார். கூடைக்குள் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளைத்துணி வந்தது, ஓரம் மடித்து.

மேனேஜர் மோந்து பார்த்தது. பிடிக்கவில்லை. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெட்டுமேசைக்கு அடியில் போனது. திரும்பி வந்து இன்னொன்றையும் கொண்டுபோனது. மூன்றாவதற்காக வந்தபோது, யாரும் எதிர்பாராமல், வெள்ளைத்துணியின்மேல் நான்காவதாக ஒன்றை ஈன்றது. அதைச் சுற்றியிருந்த ஜவ்வைக்கூடக் கிழிக்காமல், மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டது.

"ஐயோ, கொசுறு!" என்றாள் அக்கா. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஜவ்வை விரலாலேயே கிழித்தாள். நான் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு, அவள் காதருகே பிடித்தேன்.

"மூக்கையும் வாயையும் தொடைங்க. துணியால நல்லாத் தேய்ங்க. பயப்படாதீங்கம்மா, தாய்ப்பூனை நக்குறது இதவிட முரட்டுத்தனமா இருக்கும்."

பழைய வரைவு இங்கே முடிந்தது: அக்காவின் உள்ளங்கையில் அது அசையவேயில்லை.

(நல்ல வரிதான். நடக்காத வரி.)

கொசுறு தும்மியது. பிறகு எண்ணெய் காணாத மெஷின்போலக் கிறீச்சிட்டது. ஆனால் அதைத் தாயிடம் கொண்டுபோனபோது, மேனேஜர் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் இல்லாவிட்டால் இது தாங்காதே என்று அக்காவின் குரல் உடைந்தது.

"என்ன துணி போட்டீங்க?" என்றார் மருத்துவர்.

"நல்லா இஸ்திரி போட்டது டாக்டர்."

"அதான் தப்பும்மா! பூனைக்கு அதோட வாசனை வேணும். பழைய துணி எங்க?"

அப்போதுதான் மாமா கையைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"என்னங்க, அந்தப் பைய எடுத்துட்டு வாங்க!"

"இப்பதானே போடச் சொன்ன?"

"போட்டதத்தான் எடுக்கச் சொல்றேன். ஓடுங்க!"

4

மாமா தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடினார். எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், நகை கிகை தொலைஞ்சிருச்சா?" என்றாராம். "இல்ல சார், அழுக்குத்துணி. வீட்ல அவசரமாக் கேட்டாங்க."

(நான் நேரில் பார்க்கவில்லை, மாமா சொன்னது. அவர் சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. நேற்றுச் சொன்னதில் ஒரு நாயும் துரத்தியது. நாயை விட்டுவிட்டேன்.)

அந்தத் துணியால் அக்கா கொசுறைத் துடைத்தாள். மிச்சத்தைக் கூடையில் பரப்பி நடுவில் வைத்தாள். மேனேஜர் வந்தது. மோந்தது. பிறகு குட்டியைக் குப்புறப் புரட்டிப் போட்டு நக்கியது. மருத்துவர் சொன்ன அதே முரட்டுத்தனம். மேசைக்கு அடியிலிருந்த மூன்றையும் திரும்பக் கொண்டுவந்தது. கொசுறு மூவரின் முதுகிலும் ஏறி இறங்கி, இடம் கண்டுபிடித்து, வாயை வைத்தது.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் போனை அணைக்க மறந்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து மருத்துவர், "குடிக்குதா? யாராவது சொல்லுங்களேன், குடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

5

இனி முடிவு.

கொசுறு வளர்ந்து நல்லதொரு வீட்டுக்கு— ("யாரு குடுக்கப்போறா?" என்று அக்கா அடித்துவிட்டாள்.)

ஒரு சிற்றுயிர் நமக்குக் கற்றுத்தருவது— (இதை நானே அடித்தேன்.)

கடைசியில் ஒரு முடிவு அமைந்தது. அந்தத் தாளை அக்காவின் ஒப்புதலுக்காக வெட்டுமேசையில் வைத்தேன். இப்போது ஓடப் பழகிவிட்ட கொசுறு துணிச்சுருளைப் பற்றி ஏறிவந்து, வெயில் விழும் இடம் பார்த்து, அந்தத் தாளின்மேலேயே தூங்கிவிட்டது.

"எழுப்பாத" என்றாள் அக்கா.

"கடைசி வரி அதுக்கு அடியில இருக்குக்கா."

"இருக்கட்டும். எந்திரிக்கிறப்ப எந்திரிக்கும்."

இதை வேறொரு தாளில் எழுதுகிறேன். முடிவு வேண்டும் என்பவர்கள் நேரில் வந்து குட்டியைத் தூக்கிவிட்டுப் படித்துக்கொள்ளலாம். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கத்தரிக்கோலோடு.