சால்வை போர்த்திய மகோகனிப் பெண்கள்

கோட்டரின் மதுக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மகோகனி மரப் பெண்களைச் செதுக்கி முடிக்க அபினா ரியோர்டனுக்கு ஐந்து மாதம் பிடித்தது. அவர்களை அறுத்தெறியச் சொல்லப் பங்குச் சாமியாருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அயர்லாந்தில், கார்க் நகரத்து மீன் சந்தையை ஒட்டிய கடை அது. சுவர் முழுக்க மூன்று கண்ணாடி வளைவுகள், புட்டித் தட்டுகள், வளைவுகளுக்கிடையில் வாற்கோதுமைக் கதிர்கள். மரச்சட்டங்கள் எல்லாம் அபினாவின் கணவன் ஜெர் செய்தவை. செதுக்கு வேலை எல்லாம் அவளுடையது. இரு கோடியிலும் ஆளுயரத்தில் ஒவ்வொரு பெண் நின்று, ஒரு கையை உயர்த்தி மேல்விளிம்பைத் தாங்கினாள். லண்டன் மாதிரிப் புத்தகத்திலிருந்து கோட்டரே தேர்ந்தெடுத்த கிரேக்கத்துச் சீமாட்டிகள். மெல்லிய துணி தோளிலிருந்து நழுவி இடுப்பில் கிடந்தது.

திங்கட்கிழமை திறப்பு. அதற்கு முந்தைய புதன்கிழமை காலையில், கடையை மந்திரித்து ஆசீர்வதிக்கலாம் என்று வந்த ஃபாதர் லூசி, தீர்த்தச் செம்பைத் திறக்கவேயில்லை.

"இதுங்களுக்குத் துணி போடு. இல்லேன்னா அறுத்துப் போடு. ஞாயித்துக்கிழமை பூசையில உன் கடைப் பேரை நான் சொல்ற மாதிரி வச்சுக்காத, கோட்டர்."

அவர் தலை மறைந்ததும் கோட்டர் ஜெரின் பக்கம் திரும்பினார். "ரம்பத்தை எடுப்பா. ரெண்டு வெறுந்தூண் நட்டுடு."

ஜெரும் எடுக்கத்தான் போனான். அபினா ஏணியை விட்டு இறங்கி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சீமாட்டிகள்மேல் அவளுக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால் வலதுபக்கத்தவளின் உள்ளங்கையை, பாரம் தாங்கிப் பின்னுக்கு வளைந்த அந்த விரல்களை, மூன்று தடவை செதுக்கித்தான் சரியாக வந்திருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் குடுங்க, மிஸ்டர் கோட்டர். நான் துணி போடுறேன்."

"மரத்துக்கா? எப்படி?"

"அது என் பாடு."

ஜெர் தலையைச் சொறிந்தான். "வெட்டின மரத்தை ஒட்ட வைக்க முடியுமா, அபினா? மூணு நாள்தான் இருக்கு."

"கவுன்டர் பலகையில மிச்சம் விழுந்த துண்டு இருக்கில்ல? அதே மரம், அதே ரேகை. தோள்லேருந்து கீழ வரைக்கும் தட்டையா இழைச்சு, வஜ்ஜிரப் பசை வச்சு ஒட்டி, அதுல செதுக்குறேன்."

அன்று மதியத்துக்குள் துண்டுகள் ஒட்டிக் கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று. ஆனால் எந்தத் துணியைச் செதுக்குவது? கிரேக்கத்து அங்கியை மேலே இழுத்துவிட்டால் போர்வைக்குள் புகுந்த பூனை மாதிரி இருந்தது. நாலு தாளில் வரைந்து நாலையும் கசக்கினாள். வியாழன் காலை, வஜ்ஜிரம் காயட்டும் என்று சந்தைக்குள் நடந்தாள்.

அங்கே மீன்காரி நோனி ஹர்லி கானாங்கெளுத்திப் பெட்டியை ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினாள். நாற்பது வயதுக்காரி, திடகாத்திரமானவள். கை மேலே போனதும் தலையிலிருந்த கறுப்புச் சால்வை பின்னால் சரிந்து, கழுத்தைச் சுற்றி ஏழெட்டு மடிப்பாய் இறங்கி, முழங்கையில் தொங்கியது. அபினா அப்படியே நின்றுவிட்டாள்.

"மீன் வேணுமா, என் மூஞ்சி வேணுமா? அப்பலேருந்து முறைச்சுக்கிட்டு நிக்கிறியே," என்றாள் நோனி.

"உங்க சால்வைதாங்க வேணும்."

"அவுத்துக் குடுத்துட்டு நான் எதைப் போத்திக்கிறது? உன் புருஷன் சட்டையையா?"

"குடுக்க வேணாம். அந்தப் பெட்டிய இன்னொரு தடவ தூக்குங்க, போதும்."

விஷயத்தைக் கேட்டதும் சுற்றியிருந்த மீன்காரிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நோனி சிரிக்கவில்லை. மூக்கைச் சால்வை முனையால் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். அபினா தச்சுப் பென்சிலால் மடிப்பு மடிப்பாக வரைந்தாள்.

ஆறாவது தடவை இறக்கியபோது நோனி சொன்னாள்: "ஏழாவது தடவ நீதான்டி தூக்கணும்."

வெள்ளி மத்தியானம், இடதுபக்கத்துப் பெண்ணின் தோளில் உளி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒட்டிய துண்டு அப்படியே கழன்று, கவுன்டர்மேல் விழுந்தது. பாதி செதுக்கிய மடிப்புகளோடு அது உருண்டு ஓடுவதை ஜெரும் அபினாவும் பார்த்தார்கள்.

"போதும், விடு," என்றான் ஜெர். "தூண் நட இன்னும் நேரம் இருக்கு."

அவள் துண்டை எடுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். நடுவில் ஒரு நூல் அளவு மேடு. அவசரத்தில் இழைத்தது, அவளுடைய தப்புதான். "மேடா இழைச்சுட்டேன். மரமும் சில்லுனு இருந்திருக்கு, ஜெர். வஜ்ஜிரம் பிடிக்கறதுக்குள்ள உறைஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு இழைப்புளியைக் கையில் எடுத்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. ஜெர் வஜ்ஜிரச் சட்டியை அடுப்பில் வைத்தான். மரத்துக்குச் சூடுகாட்ட இரண்டு செங்கல்லையும் சேர்த்து வைத்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அபினாவின் கட்டைவிரல் வீங்கி, உளி பிடிக்க மறுத்தது. அதற்குள் வேலை முடிந்திருந்தது.

அன்று சாயங்காலம் வந்த ஃபாதர் லூசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கனத்த சால்வை கழுத்திலிருந்து முழங்கால்வரை இறங்கியிருந்தது. முகங்களைக்கூட அபினா உளியால் கொஞ்சம் திருத்தியிருந்தாள். கன்ன எலும்பு தெரிந்தது.

"இது யாரு?"

"மீன் விக்கிறவங்க, ஃபாதர்."

"பூசையில மூணாவது வரிசையில உக்கார்றவ மாதிரி இருக்கே."

"அவங்கதான்."

சாமியார் இருமினார். பிறகு தீர்த்தத்தைத் தெளித்து, மந்திரித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

கோட்டர்தான் கொதித்தார். "நான் கேட்டது சீமாட்டிங்க! நீங்க சந்தைக்காரிய நிறுத்தி வச்சிருக்கீங்க, மிஸஸ் ரியோர்டன்! பெரிய மனுஷன் எவனாவது இங்க வருவானா?"

அபினா சுவரோரம் கிடந்த ரம்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"பிடிக்கலேன்னா நீங்களே அறுங்க. நானும் அறுக்க மாட்டேன், ஜெரும் அறுக்க மாட்டான். சாமியார் மந்திரிச்சிட்டுப் போன பொம்பளைய ஏன் வெட்டினீங்கன்னு அவர் கேட்டா, பதிலையும் நீங்களே சொல்லிக்குங்க."

ஜெர் கையைக் கட்டிக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் நின்றான். கோட்டர் ரம்பத்தை வாங்கினார். மேலே பார்த்தார். அந்த இரண்டு கைகள்மேல்தான் மேல்விளிம்பு, அதில் பதித்த கடிகாரம் எல்லாம் உட்கார்ந்திருந்தன. அறுத்தால் முட்டுக்கொடுத்துத் தூண் நட ஆளில்லை. ரம்பத்தைக் கவுன்டர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை கடை நிரம்பி வழிந்தது. நோனி நாலு மீன்காரிகளோடு வந்தாள். பெண்களுக்கென்று பக்கக் கதவு உண்டு. அதற்குள் பெட்டி மாதிரி ஒரு தடுப்பறை, அதில் குவளையை வாங்க, கைநுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அவர்கள் அங்கேதான் முதலில் போனார்கள். போன வேகத்தில் நோனி வெளியே வந்தாள்.

"அந்த ஓட்டை வழியா பாத்தா, மரத்துல இருக்கிற என்னை எனக்கே தெரியல!"

முன்வாசல் வழியாக நுழைந்து, ஆண்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு நேரே கவுன்டருக்கு வந்தாள். கோட்டர் பதறினார்.

"அம்மா, பொம்பளைங்களுக்கு அந்தப் பக்கம்."

"அப்படியா? ஏற்கெனவே ரெண்டு பொம்பளைங்க உன் பக்கம்தானே நிக்கிறாங்க? அவங்களையும் அனுப்பு, நானும் போறேன்."

கடையே சிரித்தது. கோட்டர் காது சிவக்க, கறுப்பு பீரை ஊற்றி வைத்தார். மற்ற நாலு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அபினா வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் இந்தக் கடைக்குள் வேலை செய்திருக்கிறாள். ஒரு நாளும் முன்பக்கத்தில் நின்று ஒரு வாய் குடித்ததில்லை. நோனி அவளைக் கண்டுகொண்டாள்.

"ஏய் உளிக்காரி! அங்க என்ன வேடிக்கை? உள்ள வா. கையெல்லாம் நல்லாத்தான் வச்சிருக்க. மூக்கைத்தான் கெடுத்துட்ட, என் மூக்கு இவ்வளவு பெருசா?"

"இன்னும் கொஞ்சம் பெருசுங்க," என்று சொல்லிக்கொண்டே அபினா உள்ளே வந்தாள். நோனி ஒருத்தனை இடுப்பால் நகர்த்தி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். யாரும் கேட்காமலே கோட்டர் இன்னொரு குவளையை எடுத்தார்.