ஆற்றங்கரையில் நின்ற பெண்

ஐந்து மணிக்கு விஜிதரன் எழுந்தான். கிணற்றடியில் முகம் கழுவினான். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டான். வளவைக் கூட்டி, சருகுகளை வேலியோரம் குவித்தான். வாழைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினான். இதில் பாதி வேலை முன்பு தக்சிகாவுடையது. அவள் இறந்து இன்று எட்டாம் நாள், படையல் வைக்கும் நாள்.

"மனே, நண்டுக்குச் சொல்லியாச்சு. கத்தரிக்காய் பால்கறி வைக்கிறன்," என்றாள் தக்சிகாவின் தாயான அன்னப்பூரணி மாமி, குசினி வாசலில் நின்றபடி. "வேற என்னத்துக்கு ஆசப்பட்டவள்? ஆசப்பட்டுக் கிடைக்காம போனத வைக்கோணும். இல்லாட்டி அந்த ஏக்கத்தோட அலையும்."

விஜிதரன் யோசித்தான். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். அவள் எதற்கு ஆசைப்பட்டாள் என்று சட்டென்று சொல்ல வரவில்லை.

"ஏதோ ஒரு புத்தகத்துக்கு ஊரூரா அலைஞ்சாள். கிடைச்சிச்சா? உங்களுக்குச் சொன்னவளா?"

"இல்ல மாமி."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சின்னத்தங்கம் நிமிர்ந்தாள். அவள் மாமியின் தங்கை. "புத்தகத்த இலையில வச்சா காகம் என்னத்தகா திங்கிற?"

மாமி சிரிக்கவில்லை. "நீங்க தேடிப் பாருங்க மனே. பின்னேரம் விளக்கு வைக்க முதல் சொன்னாக் காணும்."

அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் ஒரு கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் 2005 தை மாதத்துத் திகதி. சுனாமிக் கடல் அடித்து மூன்று கிழமை. அப்போது அவள் அகதி முகாமில் இருந்திருப்பாள். 'ஜார் காலம். சைபீரியா. கடூழியக் கைதிகள், நாடுகடத்தப்பட்டவர்கள்' என்று எழுதி, அதன் கீழே கோடு இழுத்திருந்தாள். பிறகு ஊர்கள். மட்டக்களப்பு நூலகம், இரண்டு புத்தகம், இல்லை. சித்தாண்டி, ஓய்வுபெற்ற மாஸ்டர் வீடு, ஒரு புத்தகம், இல்லை. கல்முனை, பழைய புத்தகக் கடை, ஒரு புத்தகம், இல்லை.

கணிதம் படித்த அவனுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு புத்தகம் என்றால் இரண்டு இருந்திருக்கிறது. பிறகெப்படி இல்லை? குருக்கள்மடத்துப் பெண்ணொருத்தி நாலரை வருடமாக ரஷ்யாவின் பனிக்காட்டில் யாரைத் தேடினாள்?

கடைசி வரியில் 'ஏறாவூர், ஸஹீதா' என்று இருந்தது. அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. காய்ச்சல் தொடங்கிய அன்றைய திகதி.

கொப்பியைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினான். வன்னியில் சண்டை முடிந்து மூன்று மாதமாகியும் கல்லடிப் பாலத்தடியில் இறக்கி நடக்கவிட்டார்கள். ஆமிக்காரன் கொப்பியை வாங்கிப் புரட்டினான். "மொனவாத?" என்று சிங்களத்தில், என்ன இது என்று கேட்டான். "லைப்ரரி," என்றான் விஜிதரன். திருப்பித் தந்துவிட்டான்.

ஸஹீதாவின் வீட்டு முன்னறைதான் கடை. பாடப் புத்தகங்கள், ஓதும் கிதாபுகள், கட்டுக்கட்டாகப் பழைய நாவல்கள். ஐம்பது வயதிருக்கும். கொப்பியைக் கண்டதும் ஆளை அறிந்துகொண்டாள்.

"தக்சிகாட புரிசனா? இரிங்க தம்பி. எங்க அவ? புத்தகத்தத் திருப்பித் தாறனெண்டு கொண்டு போனவ, ஆளக் காணல்ல."

அவன் சொன்னான். டெங்கு, மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஸஹீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்கெண்டும் எழுதியிருக்கா, இல்லையெண்டும் எழுதியிருக்கா," என்றான் அவன். "ஏனெண்டு விளங்கல்ல."

"அவ தேடினது ஒரு புத்தகம் தம்பி. மட்ட இல்லாத புத்தகம். பேரும் தெரியா, எழுதின ஆளும் தெரியா. அவட அப்பா எங்கயோ எடுத்து வந்து குடுத்தது. கடல் அடிச்ச அந்தப் பூரணை நாள் காலையில வாசிச்சிட்டு இருந்திருக்கா. கதையில ஒருத்தியிட புரிசனச் சைபீரியாவுக்கு விலங்கு போட்டுக் கொண்டு போறாங்க. பொஞ்சாதி பின்னால போறா. மாசக்கணக்காப் போய் ஒரு ஆத்தங்கரைக்கு வந்திட்டா. ஆறு பாதி உறைஞ்சு கிடக்கு. தோணியும் போகேலா, நடக்கவும் ஏலா. அங்க நிக்கிறா. அந்த இடத்தில கடல் பக்கம் சத்தம் கேட்டிருக்கு. புத்தகத்தக் கவுட்டு வச்சிட்டு என்னெண்டு பாக்க எழும்பினாவாம்."

அந்த நாளில் அவளுடைய அப்பா கடலோடு போனது விஜிதரனுக்குத் தெரியும். புத்தகம் தெரியாது.

"ஆர் எந்த ரஷ்யாப் புத்தகம் குடுத்தாலும் அந்த ஆத்தத்தான் தேடுவா. இல்லாட்டி இல்லையெண்டு எழுதுவா. நான் பகிடி பண்ணுவன். 'அந்தப் பொம்புள மவுத்தாகி நூறு வருசம், நீ இன்னம் கரையில நிப்பாட்டி வச்சிருக்காய் புள்ள' எண்டு."

"கடைசியில கொண்டு போனது?"

"அதான் தம்பி அது. கொழும்பில இருந்து வந்த பழைய கட்டுக்குள்ள கிடந்திச்சு. இந்த வாசல்ல நிண்டபடியே கடைசி வரைக்கும் வாசிச்சா. சிரிச்சா. 'என்னகா நடந்த, ஆத்தக் கடந்தாளா?' எண்டு கேட்டன். 'முதல்ல அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் உங்களுக்கு' எண்டிட்டுப் போயிட்டா." ஸஹீதா அவனைப் பார்த்தாள். "என்ன தம்பி நடந்த?"

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். "வாசிச்சிட்டுச் சொல்றன்."

திரும்பி வந்து அறையைக் கிளறினான். அலுமாரி, மேசை, பாய்ச் சுருள், தையல் மெசினின் லாச்சி. பிறகுதான் நினைவு வந்தது. ரவுண்டப் என்று ஆமி வீடு வீடாகச் சோதித்த காலத்தில் புத்தகமென்றால், அதிலும் ரஷ்யாப் புத்தகமென்றால், தலையணை உறைக்குள் செருகிவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். தக்சிகா அதை விடவேயில்லை. முந்திய வருடம்கூட கட்டியாக இருக்கிறதே என்று அவன் கேட்டதற்கு, "பழகிப் போச்சு" என்றாள்.

கட்டிலில் ஒரு தலையணைதான் இருந்தது. அவனுடையது.

"மாமி, அவட தலகணி எங்க?"

அன்னப்பூரணி வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவளோட பெட்டிக்குள்ள வச்சு விட்டம் மனே. அவள் கிடந்த தலகணியிலயே தல கிடக்கட்டுமெண்டு. நான்தான் வச்சன்." கை நின்றது. "ஏன்?"

"சும்மா கேட்டன்."

"ஏதும் பிழையா?"

"இல்ல மாமி. நல்லது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இலையை விரித்தாள். "அந்தப் புத்தகம் அவளுக்குக் கிடைச்சிச்சாமா?"

"கிடைச்சிச்சு. முடிவு வரைக்கும் வாசிச்சும் இருக்கா."

"அப்ப இலையில வைக்கத் தேவல்ல," என்றாள் மாமி. ஒரு பாரம் இறங்கியதுபோல் மூச்சுவிட்டாள்.

விளக்கு வைத்தார்கள். நண்டு, பால்கறி, பொரித்த இறால். சனம் பந்தலுக்குள் இருந்தது. சின்னத்தங்கம் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கடைசியா முருகா எண்டாள். அந்த ஒரு சொல்லுத்தான். புண்ணியவதி." பக்கத்து வீட்டுக்காரி விஜிதரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இலையில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தான். மறுக்கவில்லை. சின்னத்தங்கம் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை. வாட்டில் இருந்தவன் அவன் மட்டும்தான். இரண்டு இரவு நித்திரை இல்லாமல் கதிரையில் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். தக்சிகா கண் திறந்து கொஞ்சநேரம் அவனையே பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. முகத்தில் ஏதோ சிரிப்பு. அவன் கென்டீனுக்குப் போய் வருவதற்குள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். போகுமுன் அவள் சொன்னது இதுதான்:

"பிளேன்டியக் குடிச்சிட்டு வாங்க. அவசரமில்ல. உங்களுக்கு ஒரு கத சொல்ல இருக்கு."