எண்பத்திரண்டு கனமீற்றர் தண்ணீர்

1

இந்தக் கதை, எங்களவர் புலம்பெயர்ந்து வாழும் பிராண்டே என்ற சிற்றூரில், ஒரு தண்ணீர்ப் பில்லிலிருந்து வந்தது. அதை எனக்குச் சொன்னவள் மேரிகிறேஸ், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். [முதலில் 'அன்று மழை கொட்டிக்கொண்டு' என்று தொடங்கினேன். பேய்க்கதை வாடை அடித்தது. வெட்டிவிட்டேன்.]

2

பில் கட்டுவதெல்லாம் கணவர் இன்னாசித்தம்பிதான். அவர் இறந்து ஒரு வருடமாகியும் அவள் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. வருடப் பில்கள் குவிந்ததும் அள்ளிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். அங்கே சுஜாந்தினி சனிக்கிழமைகளில் குடும்பங்களுக்கு வரவுசெலவு போடச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"ஒரு சம்பளத்திலையும் வீட்டை வைச்சிருக்கலாம் அக்கா. ஆனா எல்லாத்தையும் குறைக்கவேணும்." சுஜாந்தினி ஒரு தாளில் விரலை வைத்தாள். "இதென்ன? ரெண்டு பேர் இருக்கேக்கை எண்பத்திரண்டு கனமீற்றர் தண்ணி. போன வருசமும் அதேதான். இப்ப வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப எங்கையோ ஒழுகுது. வேலைக்குப் போகேக்கை மீற்றரைப் பாத்து எழுதுங்கோ. வந்து திரும்பப் பாருங்கோ."

3

எழுதினாள். எட்டு மணிநேரம் ஆளில்லாத வீட்டில் எழுபது லீற்றர் ஓடியிருந்தது. ஒருவர் ஆற அமரக் குளிக்கும் அளவு. குளியலறைத் தரை காய்ந்துதான் கிடந்தது. கதவில் தொங்கிய துவாயைத் தொட்டபோது அது

[இதை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். "தொட்டன்" என்பதோடு அவள் நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்துகிறேன்.]

4

இங்கே ஒரு முடிவு வைத்திருந்தேன்: குழாய் திருத்துகிறவர் வந்து கழிவறைத் தொட்டியில் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். உண்மையிலும் ஒருவர் வந்தார். எங்கும் ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் வீட்டின் பிரதான வால்வையே இறுக்கிப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அது முழுதாகத் திறந்திருந்தது. வீட்டுச் சாவி வேறு எவரிடமும் இல்லை.

"பயந்திட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை. சப்பாத்தோடை அப்பிடியே நிலத்திலை இருந்திட்டன். 'சுடுதண்ணி போதுமோ?' எண்டு அவரைக் கேக்கத்தான் வாய் வந்தது."

5

இப்போது அவள் மேசையில் தண்ணீர் நிறுவனத்தின் படிவம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறது. ஒன்று என்றால் மாதாமாதம் முன்கூட்டிக் கட்டும் தொகை பாதியாகும். மீற்றர் இப்படியே ஓடினால் மிச்சமெல்லாம் வருடக் கடைசியில் மொத்தமாக வரும். இரண்டு என்றால் மாதாமாதம் கையைக் கடிக்கும்.

"சுஜா ஒண்டெண்டு எழுதச் சொல்லுறா," என்றாள் மேரிகிறேஸ். "எழுதினா அவரை நானே வெளியிலை விட்டமாதிரி. நீங்கள் எண்டால் எத்தினை எழுதுவியள்?"

அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும்.