தலைகீழ்க் கிளி

குணசுந்தரிக்குப் பேச்சு வராது என்று ஆரம்பாக்கத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரும். சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் ஏறி வந்து, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பி இறங்கிவிடும், அவ்வளவுதான். பத்தாவதோடு அவள் படிப்பு நின்றதற்கும் அதுதான் காரணம். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் ஒரு பீரியடு முழுக்க நின்ற நாளுக்குப் பிறகு அவள் பையைத் தூக்கவே இல்லை. ஆனால் நகத்தைப் பார்த்துப் பேச அவளுக்குப் பயமில்லை. நகத்துக்குக் கண் கிடையாது.

வீட்டின் பின்கட்டில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு பலகை போட்டுத்தான் அவள் நெயில் ஆர்ட் போட்டாள். ஆன்லைனில் வரவழைத்த தகடு ஒன்று, உள்ளங்கை அகலம். அதில் கிளி, கொடி, மாங்காய், தாமரை எல்லாம் மயிரிழைப் பள்ளங்களாகச் செதுக்கியிருக்கும். பாலிஷைத் தடவி, செத்துப்போன ஏ.டி.எம். கார்டால் ஒரே இழுப்பாக வழித்தால் பள்ளத்தில் மட்டும் நிறம் நிற்கும். பிறகு மெத்தென்ற ரப்பர் அச்சை அதன்மேல் உருட்டி எடுத்து நகத்தில் வைத்து அழுத்த வேண்டும். பத்து எண்ணுவதற்குள் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். நகத்தைச் சுற்றித் தோலில் ஃபெவிகால் பூசிக்கொள்வது அவளாகக் கண்டுபிடித்த வழி. கடைசியில் அதை உரித்தால் வெளியே வழிந்த நிறமெல்லாம் கூடவே வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூமிகாவும் ஜெனிபரும் வந்திருந்தார்கள். பூமிகா இரண்டு தெரு தள்ளி, நெல் விவசாயம் பார்க்கும் குப்புராஜின் மகள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். ஜெனிபருக்குக் கவரைப்பேட்டை. இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து வேலை. ஜெனிபர் மிஷினில், பூமிகா பேக்கிங்கில். ஒரே உயரம், ஒரே ஒல்லி. நீலச் சட்டையும் தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிவிட்டால் கூட வேலை செய்கிறவர்களே மாற்றிக் கூப்பிடுவார்கள்.

"இன்னாடி சுந்தரி, ஒரு விரலுக்கு இவ்ளோ நேரம்? இதுக்குள்ள நானு நூறு டப்பா தள்ளியிருப்பேன்" என்றாள் ஜெனிபர்.

"நீ கொஞ்சம் வாய மூடிக்கினு இரேன். நிச்சயம் எனக்கா ஒனக்கா?"

"ஒனக்குத்தாம்மா தாயே. மாப்ள ஒம்மூஞ்சியவா பாக்கப்போறாரு? மோதிரம் போடறப்ப வெரலத்தான் பாப்பாரு. அதான் கிளிய அங்க குந்த வெச்சிருக்கோம்."

மெரூன் நிறத்தின்மேல் தங்க நிறக் கொடி, இரண்டு மோதிர விரல்களில் மட்டும் கிளி. தலை விரல் நுனியைப் பார்த்து இருக்கும். பூமிகாவுக்குப் போட்டதையே தனக்கும் போடச் சொன்னாள் ஜெனிபர். ஒன்பது விரல் ஒழுங்காக வந்தது. பத்தாவதாக இடது மோதிர விரலுக்கு அச்சை எடுக்கும்போது ஜெனிபர், சூப்பர்வைசர் பூவராகவன் கழிப்பறை வாசலில் நின்று நிமிஷம் எண்ணுவதை நடித்துக் காட்டினாள். குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற சிரிப்பு. அச்சைக் கையில் திருப்பிப் பிடித்ததை அவள் கவனிக்கவில்லை. அழுத்தி எடுத்தபோது கிளி தலைகீழாகத் தொங்கியது.

"ஐயோ... எடுத்துடறேன்க்கா" என்று பஞ்சைத் தேடினாள்.

ஜெனிபர் கையை இழுத்துக்கொண்டாள். "வுடுடி. எல்லாரு கிளியும் கிளி. எங்கிளி வவ்வாலு."

"பேஜாரு புடிச்சவ" என்று பூமிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கம்மாகிட்ட சொல்றேன் இரு, வவ்வாலு கதைய."

கிளம்பும்போது குணசுந்தரி, பூமிகாவின் நகங்களைப் பார்த்தபடியே சொன்னாள்: "நிச்சயம் வரைக்கும் டேப்பு கீப்பு பிரிக்காதீங்கக்கா. ஓரம் உரிஞ்சிடும்."

"என் வேலையே அதானடி. நாளெல்லாம் டேப்புதான்."

"மிஷினுக்குன்னா கிளவுஸு தருவாங்க" என்று ஜெனிபர் கையை ஆட்டிக் காட்டினாள். "எங்களுக்கு அந்தக் கவலையே கெடையாது."

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்த மிஷினின் சூடான எண்ணெய்க் குழாய் வெடித்தது. மிஷின் முன்னால் இருந்தவள் அங்கேயே போய்விட்டாள். பேக்கிங் மேசையில் இருந்தவளை மூச்சோடு சென்னைக்குக் கொண்டுபோனார்கள். இருவருக்குமே முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. வேலை நேரத்தில் கம்மல், கொலுசு கூடாது. அடையாள அட்டை லாக்கரில். பூவராகவன் தன் பட்டியலைப் பார்த்து, மிஷினில் ஜெனிபர், பேக்கிங்கில் பூமிகா என்று சொன்னான். ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கவரைப்பேட்டையில் அடக்கம். குணசுந்தரி ரயிலேறிப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள். பெட்டியை ஆணியடித்துத்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஜெனிபரின் அம்மா ஞானம்மா பெட்டிமேல் கவிழ்ந்து கிடந்தாள். "ஒரே ஒரு தபா தொறங்கய்யா. மூஞ்சி வேணாம். கையையாச்சும் பாக்கறேன்." யாரும் திறக்கவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை என்று கம்பெனி ஆள் ஒருவன் முன்பே சொல்லியிருந்தான். புருஷன் யேசுதாஸ்தான் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினார். எல்லோரும் போட்டபோது குணசுந்தரியும் ஒரு பிடி பூவும் ஒரு பிடி மண்ணும் போட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிச்சயம் நடந்திருக்க வேண்டிய நாள். காலையில் குப்புராஜ் வாசலில் வந்து நின்றார். நான்கு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"அந்த நெயில்பாலிஷ அழிக்கிற மருந்து வெச்சிருக்கியாம்மா? மூச்சு எவ்ளோ இருக்குன்னு பாக்க விரல்ல ஏதோ கிளிப்பு மாட்டணுமாம். பாலிஷால கணக்கு காட்ட மாட்டேங்குதாம். ஆஸ்பத்திரில இருக்கறதுல போவல. நீயே வந்தின்னா நல்லது."

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரோடு சென்னைக்குக் கிளம்பினாள்.

தீக்காய வார்டின் வாசலில் நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த மகராசி போட்டது? ஸ்பிரிட்டு போட்டுத் தேச்சுத் தேச்சு எங்கையே உரிஞ்சிபோச்சி." குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். "பாட்டில உள்ள கொண்டாறாத, ஆக்சிஜன் இருக்கு. இங்கயே பஞ்சுல நனைச்சிக்க. ஒரு விரல் போதும்."

பச்சை அங்கி மாட்டி, ஈரப் பஞ்சுகளை ஒரு தட்டில் மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் இருந்தது ஒரு வெள்ளைக் கட்டு. தலை, கழுத்து, மார்பு, கால் எல்லாம் துணி. வாயில் குழாய். கைகள் இரண்டு மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே முழுசாக இருந்தன. வெடித்த நேரத்தில் அவள் பெரிய அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு டப்பா அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டி கைகளைக் காப்பாற்றியிருக்கிறது. பக்கத்தில் முக்காலியில், இடது கையைப் பிடித்தபடி பூமிகாவின் அம்மா ஈஸ்வரி.

"வா கண்ணு" என்றாள். அழுது முடித்த குரல்.

குணசுந்தரி வலது கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பாலிஷ் ஓரம் பெயர்ந்து நகம் வெள்ளையாகத் தெரிந்தது. டேப் பிரித்த நகம். சொன்னேனே, அக்கா கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலைத் துடைத்தாள். நர்ஸ் கிளிப்பை மாட்டினாள். திரையில் எண் வந்து நின்றது. "அப்பாடா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

குணசுந்தரி எழுந்தாள்.

"பத்தையும் எடுத்துடு கண்ணு" என்றாள் ஈஸ்வரி.

"ஒண்ணு போதும்னாங்க பெரிம்மா."

"பரவால்ல. எடுத்துடு."

வலது கையை முடித்தாள். சுற்றி வந்து, இடது கையை ஈஸ்வரியின் பிடியிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அடுத்த பஞ்சை எடுத்து மோதிர விரலுக்கு வந்தாள்.

கிளி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குத் தன் தவறு மட்டும்தான் கண்ணில் பட்டது. சரியாகப் போடவில்லையே என்ற வெட்கம். பிறகுதான் மற்றது உறைத்தது. இந்தக் கிளியை அவள் ஒரே ஒரு விரலில்தான் இப்படிப் போட்டாள். அப்படியானால் இங்கே டேப் பிரித்த கை ஜெனிபருடையது. கிளவுஸ் போட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தது பூமிகா. அக்கா அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். நகம் உரியாமல் இருக்க, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள்.

கையிலிருந்த பஞ்சிலிருந்து ஒரு சொட்டு விழுந்து படுக்கையில் ஊறியது. துடைத்தால் இரண்டே நொடி. அதற்குப் பிறகு இந்தக் கை யாருடையது என்று எந்த நகமும் சொல்லாது. குணசுந்தரி சொன்னால்தான் உண்டு. அவள் சொல்லி யார் நம்புவார்கள்? அவளுக்குச் சொல்லத்தான் வருமா?

"அதையும் எடுத்துடு" என்றாள் ஈஸ்வரி. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணசுந்தரி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை விடாமல் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி சோறு தின்னுக்கினே சொல்லிச்சி" என்றாள் ஈஸ்வரி. "ஜெனிபரு கிளி வவ்வாலாட்டம் தொங்குதும்மான்னு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சிது. பொற ஏறிடுச்சி, நான்தான் தலையில தட்னேன்."

"பெரிம்மா..."

"புதங்கெழமையே பாத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அவங்கப்பாகிட்ட கூட." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கை சூடா இருக்குது பாரு. எம்பொண்ணு கையும் இப்டித்தான் இருக்கும். இன்னும் ரெண்டு நாளு எனக்கு இருக்கட்டுமே. அப்பறம் நானே சொல்லிடறேன்."

குணசுந்தரி பஞ்சைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு ஈஸ்வரியின் பேச்சு கேட்டது. கூடவே, கையையாச்சும் பாக்கறேன் என்ற வேறொரு பேச்சும் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கத்தியது. ஜெனிபரின் மார்பு குழாயின் தயவில் ஏறி இறங்கியது. இந்த மூச்சு நாளைக்கும் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து விறைத்துவிட்டது.

அதைத் தட்டில் வைத்துவிட்டாள்.

ஈஸ்வரி அதைப் பார்த்தாள். கத்தவில்லை. மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நேத்து நீ போயிருந்தியா, அங்க?"

"போனேன் பெரிம்மா."

"ஜனம் இருந்திச்சா?"

"நெறைய பேரு. பாட்டுப் பாடினாங்க."

"பூ போட்டியா?"

"போட்டேன்."

"என்னா பூ?"

"சம்பங்கி. ரோசாவும் இருந்திச்சி."

"அதுக்கு ரோசா புடிக்கும்" என்றாள் ஈஸ்வரி. முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

குணசுந்தரி வராந்தாவுக்கு வந்தாள். மாடிப்படி ஓரத்தில் குப்புராஜ் தூண்மேல் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போய் ஜன்னலோரம் நின்றாள். ஞானம்மாவின் நம்பர் அவளிடம் இல்லை. ஜெனிபருடையதுதான் இருந்தது. லாக்கரிலிருந்து அந்த போனை எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள் என்று அடக்கத்தில் யாரோ பேசிக்கொண்டது நினைவிருந்தது. அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" ஞானம்மாவின் குரல் உடைந்து கிடந்தது. "ஜெனி போனு இது. ஜெனி இல்லம்மா. போயிட்டா."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே முகம் எதுவும் இல்லை. ஆனாலும் திரும்பி இறங்கப் பார்த்தது. அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா நீ? பேசேன்."

"நெயில்பாலிஷ் போடற சுந்தரி பேசறேன், ஆரம்பாக்கம்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் சொல்றத வெச்சிடாம கேளுங்க. பொதைச்சது ஜெனிபர் அக்காவ இல்ல. அக்கா இங்க ஆஸ்பத்திரில இருக்காங்க. உசுரு இருக்கு. ரொம்ப மோசமா இருக்காங்க, ஆனா இருக்காங்க. நான் போட்ட கிளி அவங்க கையில இருக்கு, நான் பாத்தேன். ஒடனே கெளம்பி வாங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று தரையில் விழும் சத்தம். யேசுதாஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

தூணருகில் குப்புராஜ் கண்ணைத் திறந்திருந்தார். எவ்வளவு கேட்டிருந்தார் என்று தெரியவில்லை. எழுந்திருக்க முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே போனபோது ஈஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"எவ்ளோ நேரத்துல வருவாங்க?"

"ரயிலு ஒடனே கெடச்சா ஒன்றரை மணி நேரம், பெரிம்மா."

ஈஸ்வரி தலையாட்டினாள். முக்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். மோதிர விரலை மட்டும் வெளியே தெரியும்படி விட்டிருந்தாள்.