முப்பத்தியொண்ணாம் வீடு

வாசுகிக்கு எதுவும் வரிசையா இருக்கணும். கோணலா ஒரு வரி கண்ணுல பட்டுட்டா அன்னிக்குச் சோறு இறங்காது. யோங் பெங் ஊருப் பக்கத்துல அவ குடியிருக்கிற தாமானுக்கு, அதான் அந்த வீட்டுக் குடியிருப்புக்கு, ஒரு இணையப் பக்கம் உண்டு. சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற தாமான் பையன் கால்வின் ஓய்வு நேரத்துல செஞ்சு குடுத்தது. அதுல யார் என்ன எழுதினாலும் வாசுகி உள்ளே புகுந்து சரி பண்ணுவா. வரிக்கு முன்னாடி ஒரு # கட்டக்குறி போட்டா அது தலைப்பாகும். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நட்சத்திரம் போட்டா எழுத்து தடிக்கும். எண்ணும் புள்ளியும் போட்டா பட்டியல் அழகா உள்ளே தள்ளி நிக்கும். இந்த மூணும் கைக்கு வந்ததுல இருந்து அவளைப் பிடிக்க முடியல.

போன மாசம் முப்பத்தியொண்ணாம் வீட்டுக் கஸ்தூரி அக்கா வாசல் சாக்கடை, லோங்காங், அடைச்சுக்கிட்டுத் தண்ணி போகலன்னு எழுதியிருந்தாங்க. ஒரே மூச்சுல, காற்புள்ளி கூட இல்லாம எட்டு வரி. வாசுகி அதை வெட்டி, தலைப்பு வெச்சு, மூணு குறிப்பா ஆக்கிப் போட்டா. அக்காவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "நான் எழுதினத நீ எதுக்குத் தொடற? நான் என்ன உன் ஸ்கூல் பிள்ளையா?" அதோட பேச்சு நின்னுச்சு. கடையில பார்த்தா கூட மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க.

அந்த கஸ்தூரி அக்காதான் வெள்ளம் வந்த அன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு போன் பண்ணாங்க.

வாசுகி அப்ப நிவாரண மையத்துல, பள்ளிக்கூட மண்டபத்துல, படகு போய் ஏத்த வேண்டிய வீடுகள லிஸ்ட் போட லேப்டாப்போட உட்கார்ந்திருந்தா. மழை மூணாவது நாள். தாமான்ல பாதிப் பேர் விடியறதுக்கு முன்னாடியே வெளியேறிட்டாங்க.

"வாசுகி, எங்க வீட்டையும் லிஸ்ட்ல போடும்மா. தண்ணி முட்டிக்கு வந்துருச்சு. இவரை என்னால தூக்க முடியாது." அவங்க புருசன் சின்னத்தம்பிக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்து ஒரு வருசம் ஆகுது. "போன்ல சார்ஜ் இல்ல. நேத்து ராத்திரியே கரண்ட் போயிருச்சு." சொல்லி முடிக்கிறதுக்குள்ள போன் செத்துப்போச்சு.

பழைய சண்டைய மனசுல வெச்சுக்கிட்டு வாசுகி எழுதல. அதை முதல்லயே சொல்லிடணும். நல்ல மனசோடதான் எழுதினா. வழக்கத்த விட அழகாவே எழுதினா. அந்தத் தாமான்ல யாரையும் வீட்டு நம்பரோடதான் சொல்லுவாங்க. எட்டு டீச்சர், பதினேழு லோஷினின்னு. அவளும் அப்படியே போட்டா:

8. பியாட்ரிஸ் டீச்சர், முட்டி ஆபரேஷன்
17. லோஷினி, கைக்குழந்தை
31. கஸ்தூரி, புருசன் படுக்கையில

மேலே ஒரு தலைப்பு, பேரெல்லாம் தடிச்ச எழுத்து. 'பதிவிடு'ன்னு அமுக்கினா, அடுத்த வேலைக்குப் போயிட்டா. போட்டது பக்கத்துல எப்படி விழுந்திருக்குன்னு திரும்பிப் பார்க்கல. என்னைக்கும் பார்க்கிற பழக்கமில்ல. நம்ம கை தப்பு பண்ணாதுங்கிற தெனாவட்டு.

படகு மூவார்ல இருந்து வந்திருந்தது. மரியநாதன்னு ஒருத்தர், மரச்சாமான் தொழிற்சாலையில வேலை, ஞாயித்துக்கிழமை ஆத்துல மீன் பிடிக்கிறவர், தன் படகை லோரியில ஏத்திக் கொண்டாந்துட்டார். "எனக்கு உங்க ஊரு தெரியாதும்மா. லிஸ்ட்ட பார்த்துத்தான் போவேன்"னு முன்னாடியே சொல்லியிருந்தார்.

பத்தே முக்காலுக்கு அவர் பட்டியலுக்குக் கீழே எழுதினார். "8 டீச்சர ஏத்தியாச்சு. 9 பூட்டியிருக்கு. 17ல மாடியில இருந்து ஒரு பொண்ணு குழந்தையோட கூப்பிட்டுச்சு, ஏத்தியாச்சு. 10ஐ தட்டிப் பார்த்தோம், ஆள் இல்ல, போயிட்டாங்க போல. இவங்கள ஜங்ஷன்ல இறக்கிட்டு அடுத்த தாமானுக்குப் போறோம்."

ஒன்பதா? பத்தா? நான் எங்கய்யா ஒன்பதும் பத்தும் போட்டேன்?

வாசுகி பக்கத்தை மேலே இழுத்துப் பார்த்தா. எட்டு, பியாட்ரிஸ் டீச்சர். ஒன்பது, லோஷினி. பத்து, கஸ்தூரி.

 திருத்துற பெட்டிய திறந்தா, உள்ளே 31னுதான் இருக்கு. மூடிப் பார்த்தா 10. 31ஐ அழிச்சு மறுபடி 31னு அடிச்சா. 10. தடிச்ச எழுத்த எடுத்தா, தலைப்ப எடுத்தா. அப்பவும் 10. அந்தப் பாழாப்போன பக்கம் முதல் எண்ண மட்டும் கேட்டுக்கிட்டு, மிச்சத்த எட்டு, ஒன்பது, பத்துன்னு தன்னிஷ்டத்துக்கு எண்ணிக்கிட்டுப் போயிருக்கு. பட்டியல்னு நெனச்சுக்கிச்சு. பட்டியல்னு சொன்னதே இவதானே.

மரியநாதனுக்கு போன் அடிச்சா. மணி போய்க்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. போனை பிளாஸ்டிக் பையில கட்டி வெச்சிருப்பார், எஞ்சின் சத்தத்துல எங்க கேக்கும். ஜங்ஷன்ல ஆளை இறக்கிட்டு அடுத்த லிஸ்ட்ட பார்க்க இதே பக்கத்தத் திறப்பார். அதுக்குள்ள மாத்தணும். அதுக்கப்புறம்னா அவர் இந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

முப்பத்தியொண்ணு ரோட்டோட கடைசி, வளைவு தாண்டி, ஆத்துப் பக்கம். மாடி இல்லாத வீடு. அங்க இருந்து கத்தினா யாருக்கும் கேக்காது.

கால்வினுக்கு அடிச்சா, வேலை நேரம், போன் அணைச்சிருந்துச்சு.   அப்பத்தான் அந்த லோங்காங் எழுத்து ஞாபகம் வந்துச்சு. புள்ளி இல்லாத, வரிசை இல்லாத அந்த எட்டு வரி. பட்டியலை மொத்தமா அழிச்சிட்டு, அதே மாதிரி ஒரே மூச்சுல அடிச்சா.

"மரியநாதன் அண்ணே பத்து இல்ல முப்பத்தியொண்ணு என் லிஸ்ட் தப்பு முப்பத்தியொண்ணாம் வீடு ரோட்டுக் கடைசி வளைவு தாண்டி நீல கேட்டு கஸ்தூரி அக்கா உள்ளதான் இருக்காங்க அவங்க புருசன் எந்திரிக்க முடியாதவரு திரும்பிப் போங்க அண்ணே தயவு செஞ்சு திரும்பிப் போங்க"

அமுக்கினா. இந்தத் தடவை பக்கத்தத் திறந்து ஒவ்வொரு எழுத்தா படிச்சா. முப்பத்தியொண்ணு. முப்பத்தியொண்ணுன்னுதான் இருக்கு.

பதினோரு நிமிசம். மண்டபத்துல யாரோ நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் நீட்டினாங்க, வாங்கி மடியில வெச்சுக்கிட்டா, பிரிக்கல. பக்கத்தப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு வரி வந்துச்சு. "பார்த்தேன். திரும்பறோம்."

அதோட சரி. அரை மணி நேரம் ஒண்ணும் வரல. அந்த அரை மணி நேரத்துல வாசுகி என்னெல்லாம் நெனச்சான்னு கேக்காதீங்க. கட்டில் எவ்வளவு உயரம், தண்ணி எவ்வளவு வேகம்னு கணக்குப் போட்டுப் போட்டு, பாதியிலயே நிறுத்திக்கிட்டா.

பன்னெண்டு மணிக்கு லோரி வந்து நின்னுச்சு. சின்னத்தம்பிய நாலு பேர் கதவுப் பலகையில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. கண்ணு திறந்திருந்துச்சு, மூச்சு இருந்துச்சு. மையத்து டாக்டர் ஓடிப் போனாங்க. பின்னாலயே கஸ்தூரி அக்கா, தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட.

அவங்க நேரா வாசுகிகிட்டதான் வந்தாங்க. "நல்லாயிருப்பம்மா. நீ பேர் போட்டதாலதான் வந்தாங்க."

சும்மா இருந்திருக்கலாம். அக்கா போன்தான் செத்துக் கிடக்கே, யார் பார்க்கப் போறா. வாசுகியால முடியல.

"இல்லக்கா. நான் போட்டதாலதான் உங்கள விட்டுட்டுப் போனாங்க. அழகா இருக்கணும்னு நம்பர் போட்டேன், அது பத்துன்னு விழுந்துருச்சு. நான் திரும்பிப் பார்க்கல. அவங்க பத்தாம் வீட்டத் தட்டிட்டுப் போயிட்டாங்க."

 திட்டுவாங்கன்னு வாசுகி காத்திருந்தா. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாங்கன்னு நாங்க சந்தோசப்பட்டோம். அப்புறம் சத்தம் தூரமாப் போயிருச்சு. அதுல இருந்து அவரு தலைய நான் கையிலயே தூக்கிப் பிடிச்சிருந்தேன், வாசுகி. கட்டில் முங்கிருச்சு."

மையத்துப் பொண்ணு ஒண்ணு சுடச்சுட மைலோ கொண்டாந்து குடுத்துச்சு. அக்கா வாங்கினாங்க, கப்பு நிக்கல. ரெண்டு கையும் தோள்ல இருந்து வெடவெடன்னு ஆடுது. பாதி மைலோ சட்டையில கொட்டிருச்சு.

வாசுகி அந்தக் கப்பை வாங்கி அவங்க வாய்கிட்ட கொண்டு போனா. அக்கா அவளையே பார்த்தாங்க. குடிக்கல. வாசுகி கப்பை விலக்கவும் இல்ல, மன்னிச்சிடுங்கன்னு சொல்லவும் இல்ல. அப்படியே பிடிச்சிருந்தா, தன் கையும் வலிக்க ஆரம்பிக்கிற வரைக்கும்.

அப்புறம் கஸ்தூரி அக்கா குனிஞ்சு ஒரு வாய் குடிச்சாங்க.